காப்பாற்றிய காட்டின் கார்பன் கணக்கு: எங்கே தவறுகிறோம்?

பெங்களூரில் எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு பக்கம் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் பலர் இப்போது கம்பெனிகளின் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரிக்கிறார்கள். காட்டைப் பாதுகாத்ததால் உமிழ்வு குறைந்தது என்று சொல்லி விற்கும் கார்பன் கிரெடிட்டை வாங்கலாமா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பும் அவர்கள் தலையில்தான் விழுகிறது. திட்ட அறிக்கை வந்தால் எல்லோரும் மரம் அளந்த பக்கங்களையே புரட்டுகிறார்கள். பெரிய ஓட்டை பேஸ்லைனில், அதாவது திட்டம் வராவிட்டால் எவ்வளவு காடு அழிந்திருக்கும் என்ற மதிப்பீட்டில் இருக்கிறது.

திருப்பத்தூர்க்காரத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, அந்தக் காட்டுல பத்து லட்சம் டன் கார்பன் இருக்குன்னு போட்டிருக்காங்க. அத்தனையும் வரவுதானே?" இல்லை. அது இருப்பு. அதை வரவு என்பது வங்கியில் போட்ட முதலையே வட்டி என்று சொல்வது மாதிரி. ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு காடு அழிந்திருக்கும், திட்டத்தால் அது பாதியாகக் குறைந்தது என்றால், அந்த அரைப் பங்கில் இருந்த கார்பன் மட்டும்தான் அந்த ஆண்டின் வரவு.

அழிந்திருக்கும் என்பதை யார் சொல்வது? அதுதான் பேஸ்லைன். நடக்காத ஒன்றை டேப் வைத்து அளக்க முடியாது. அதே தன்மையுள்ள வேறொரு காட்டோடு ஒப்பிட்டுத்தான் மதிப்பிட வேண்டும். நெடுஞ்சாலையை ஒட்டிய காட்டை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு, கோடாரி ஏற முடியாத மலைச்சரிவுக்குக் கிரெடிட் கேட்டால் மற்ற கணக்கெல்லாம் வீண். 2023-இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு ஆறு நாடுகளில் 26 திட்டங்களை எடுத்துப் பார்த்தது. பெரும்பாலானவை காடழிப்பைக் குறிப்பிடும்படியாகக் குறைக்கவே இல்லை; குறைத்தவையும் சொல்லிக்கொண்டதைவிட மிகக் குறைவாகவே குறைத்திருந்தன. அதே ஆண்டு நவம்பரில், கார்பன் கிரெடிட் திட்டங்களுக்கு விதி வகுத்துப் பதிவு செய்யும் வெர்ரா அமைப்பு விஎம் 0048 என்ற புதிய முறையை வெளியிட்டது. அதுவரை திட்டக்காரர்களே ஒப்பீட்டுப் பகுதியைத் தேர்ந்துகொண்டார்கள். புதிய முறையில் நாடு அல்லது மாநில அளவிலான காடழிப்புத் தரவிலிருந்து ஒவ்வொரு திட்டத்துக்கும் அதன் பங்கு பிரித்துத் தரப்படுகிறது. அறிக்கை கைக்கு வந்ததும் எந்த முறைப்படி போட்ட பேஸ்லைன் என்று பாருங்கள். பழைய முறை என்றால் ஒப்பீட்டுப் பகுதியின் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, சாலை, சரிவு, ஊர் இருக்கும் தூரம் மூன்றையும் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

மரத்தை அளப்பதிலும் தவறு வரும். நம் ஊர்களில் 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுப்பது வழக்கம். சூத்திரம் கேட்பதோ விட்டம். 94 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் விட்டம் 30. உயரம் 20 மீட்டர், மர அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.6 கிராம் என்று வைத்து, வெப்பமண்டல மரங்களுக்கு ஷாவே என்ற ஆய்வாளரின் குழுவினர் 2014-இல் தந்த சூத்திரத்தில் போட்டால் தரைக்கு மேலுள்ள உலர் எடை சுமார் 580 கிலோ. அதில் கார்பன் 0.47 பங்கு, ஏறக்குறைய 273 கிலோ. கார்பனைக் கார்பன் டை ஆக்சைடாகக் கணக்கிட அதை 44/12 என்ற எடை விகிதத்தால் பெருக்கினால் சுமார் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு. எக்செல் ஷீட்டில் விட்டத்துக்கான கட்டத்தில் 94-ஐ அப்படியே தட்டினால் அதே மரம் ஒன்பது டன்னைத் தாண்டிவிடும்! சில மரங்களுக்காவது களத்தில் எழுதிய தாளையும் ஷீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது பிடிபடும்.

முதல் முறை அளந்த மரங்களையே அடுத்த முறையும் அளக்க வேண்டும். நம் இந்திய அறிவியல் கழகத்தார் முதுமலையில் 50 ஹெக்டேர் திட்டில் 1988 முதல் அப்படித்தான் செய்கிறார்கள்: ஒரு சென்டிமீட்டர் விட்டம் தாண்டிய ஒவ்வொரு தண்டுக்கும் எண் உண்டு. அந்தப் பொறுமை திட்டக்காரர்களுக்கும் வேண்டும்.

செயற்கைக்கோள் படத்தை நம்புவதிலும் கவனம் தேவை. முதுமலை, பந்திப்பூர் காடுகள் கோடையில் இலை உதிர்ப்பவை. நவம்பர் படத்தையும் மார்ச் படத்தையும் ஒப்பிட்டால் காடே காணாமல் போன மாதிரி தெரியும். இதன் மறுபக்கமும் உண்டு. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் அளவுகோலில் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் மரநிழல் பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது காட்டுப்பரப்பு. குடகில் இயற்கைக் காட்டை வெட்டி நிழல்மரக் காபித் தோட்டமாக்கினாலும் அந்த வரைபடத்தில் பச்சை பச்சையாகவே இருக்கும். கார்பன் எவ்வளவு போயிற்று என்று அது சொல்லாது.

இங்கே விறகு வெட்டத் தடை போட்டால் வெட்டு அடுத்த காட்டுக்குப் போகும். அதைக் கழித்தார்களா என்று கேளுங்கள். காட்டுத்தீயில் மரங்கள் எரிந்துபோனால் ஈடுகட்ட எத்தனை கிரெடிட்டை விற்காமல் ஒதுக்கி வைத்தார்கள் என்றும் கேளுங்கள்.

கடைசியாகத் தணிக்கை. தணிக்கையாளருக்குக் கூலி கொடுப்பவர் பெரும்பாலும் திட்டக்காரர்தான் என்பதால் முத்திரையை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். வெர்ரா பதிவேட்டில் இந்த அறிக்கைகள் எல்லோரும் பார்க்கும்படி இருக்கின்றன. தணிக்கையாளர் எழுப்பிய கேள்விகளும் அவற்றுக்கு வந்த பதில்களும் அதில் இருக்கும். திட்டத்தைப் பதிவு செய்தபோது எழுதிய தணிக்கை அறிக்கையில் பேஸ்லைனைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லையென்றால், வாங்க வேண்டாம் என்றே எழுதிக் கொடுங்கள்.