விசுவாசி அழலாமா?

என் மனைவிக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த வாரம், தாராவியில் எங்கள் பத்துக்குப் பத்து அறைக்கு ஜெபிக்க வராதவர்கள் இல்லை. எல்லாரும் அன்போடுதான் வந்தார்கள். ஆனால் முதல் தவறும் அங்கேயேதான் நடந்தது. "வீட்டில் மறைவான பாவம் ஏதாவது இருக்கா, யோசிச்சுப் பாருங்க தம்பி" என்றார் ஒரு பெரியவர். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிறவிக் குருடனைப் பார்த்துச் சீடர்கள் கேட்டதும் இதைத்தான்: இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்ததா? இரண்டும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9). எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. "நீ பாவம் செய்திருப்பாய்" என்று பேச ஆரம்பித்த பிறகுதான் வினை. கடைசி அதிகாரத்தில் கர்த்தருடைய கோபம் மூண்டது, புலம்பித் தீர்த்த யோபுவின்மேல் அல்ல; அவருக்காக வக்காலத்து வாங்கிய இவர்கள்மேல்.

எங்களுக்கும் ஒரு ஏழு நாள் ஆள் இருந்தார், பக்கத்துச் சந்து அக்கா. வசனம் எதுவும் சொல்ல மாட்டார். காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரம் எங்கள் டிரம்மையும் நிரப்பிவிட்டு, கஞ்சியை ஆற்றி வைத்துவிட்டுப் போவார்.

அடுத்த தவறு நான் செய்தது. முடி கொட்டியபோது அவள் அழுதாள், "விசுவாசி அழலாமா?" என்று கேட்டுவிட்டேன். உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே, இறந்துபோன லாசருவுக்காகக் கண்ணீர் விட்டவர் இயேசு. 88ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள். தோழர்களும் விலகிப்போனார்கள் என்ற புலம்பலோடு அப்படியே முடிந்துவிடும், ஆறுதலாக ஒரு வரி கிடையாது. அதையும் பைபிளில்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆபத்தான தவறு மருந்து விஷயத்தில். ஊரிலிருந்து ஒரு ஊழியக்காரர் போனில், "கீமோவை நிறுத்துங்க, அதுதான் விசுவாசம்" என்றார். சுவிசேஷம் எழுதிய லூக்கா ஒரு வைத்தியர் என்று அப்போஸ்தலன் பவுலே எழுதுகிறார். அந்தப் பவுல்தான் தன் சீடன் தீமோத்தேயுவின் வயிற்றுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னதும். நாங்கள் நிறுத்தவில்லை. சயானில் ஸ்லோ ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் பரேல், புற்றுநோய் ஆஸ்பத்திரி அங்கேதான்; ஜெபமெல்லாம் ரயிலிலேயே.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கீமோ எடுப்பவருக்கு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்; ராத்திரி ஜெபித்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. இருமலோடு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்தவும் கூச்சப்படாதீர்கள். ஜெபம் வாசலிலிருந்தும் கேட்கும்.

அப்புறம் இந்தப் பேரம். சுகம் கிடைத்தால் இவ்வளவு காணிக்கை என்று கடன் வாங்கிப் பொருத்தனை பண்ணியவர்களை எனக்குத் தெரியும். மாஹிம் மாதா கோயில் வாசலில் மெழுகில் செய்த கை, கால் வாங்கி வைப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. அது கண்ணீரோடு வைக்கிற வேண்டுதல். வட்டிக்கு வாங்கி வைப்பது வேறு. தன் உடம்பில் முள்ளாய்க் குத்திய வேதனை போகவேண்டும் என்று பவுல் மூன்று முறை கெஞ்சியும் அது போகவில்லை, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது.

சாட்சி நேரத்தில் சுகமானவர்கள் மட்டுமே எழுந்து பேசுவதும் எனக்குத் தவறாகத்தான் படுகிறது. போன மாதம் அவளாகவே எழுந்தாள். "இன்னும் முடியல. அடுத்த ஸ்கேன் ஜூலையில. பயமா இருக்கு, ஜெபிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பின்வரிசையில் அக்கா மூக்கைச் சிந்தும் சத்தம் மட்டும் கேட்டது.