பொன் இருக்கும் அறை: வியூக விளையாட்டின் மெமரியைப் படிக்கும் முறை

"மாமா, நேத்து பிடிச்ச அட்ரஸ் இன்னைக்கு வேலை செய்யலை" என்று போன மே விடுமுறையில் அக்கா மகன் கடைக்கு வந்து நின்றான். காரைக்குடி செக்காலை ரோட்டில் எனக்குக் கணினி பழுது பார்க்கும் கடை. முந்தின நாள் அவன், ஓடும் நிரலின் மெமரியில் எண்களைத் தேடி மாற்ற உதவும் சீட் எஞ்சின் என்ற மென்பொருளில் விளையாட்டின் பொன்னைத் தேடிப் பிடித்து, 9999 என்று மாற்றி, ஆசை தீர ஆடியிருக்கிறான். மறுநாள் திறந்தால் அதே அட்ரஸில், அதாவது மெமரியில் அந்த எண் இருந்த இடத்தில், வேறு ஏதோ எண். இதைத் தொடங்குகிற எல்லோரும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். அட்ரஸை மட்டும் தேடினால் ஒவ்வொரு நாளும் முதலிலிருந்து தேட வேண்டும். அது எந்த அமைப்புக்குள், அதாவது ஓர் ஆட்டக்காரரின் எண்களெல்லாம் சேர்ந்திருக்கும் எந்தத் தொகுப்புக்குள், உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் ஒரு தடவை பட்ட பாடு போதும். அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

பழக 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்' நல்ல விளையாட்டு. இலவசம், 2003 முதல் இருக்கிறது, மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. நீங்கள் கண்டுபிடித்தது சரியா என்று நிரலைத் திறந்து சரிபார்க்கலாம். முறைமுறையாக ஆடுவது என்பதால் அவசரமும் இல்லை. விண்டோஸில் சீட் எஞ்சின். லினக்ஸில் ஸ்கேன்மெம், அல்லது அதன் முகப்பான கேம்கான்கரர். தனியாக ஆடும் ஆட்டத்தில் மட்டும் செய்யுங்கள். இணையத்தில் எதிரே இருப்பவரும் தன் நேரத்தைப் போட்டுத்தான் ஆடுகிறார். அதோடு பெரும்பாலான வியூக விளையாட்டுகளில் ஒவ்வொரு கணினியும் ஆட்டம் முழுவதையும் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். உங்கள் பக்கம் மட்டும் எண்ணை மாற்றினால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகாமல் ஆட்டமே நின்றுவிடும்.

சரி, ஆரம்பிக்கலாம். இரண்டு பக்கமும் நாமே ஆடும் உள்ளூர் ஆட்டம் ஒன்றைத் திறந்து, தொடக்கப் பொன் 100 என்று வையுங்கள். சீட் எஞ்சினில் 4 பைட் முழு எண்ணாக 100 தேடினால் ஆயிரக்கணக்கில் வரும். ஸ்பியர்மேன் என்ற ஈட்டி வீரர் ஒருவரைச் சேருங்கள். விலை 14, கையில் 86. இப்போது 86 என்று மறுபடி தேடினால் விரல் விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துவிடும். ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எதை மாற்றினால் அடுத்த ஆளைச் சேர்க்க முடிகிறதோ அதுதான் உண்மையான பொன். சில விளையாட்டுகளில் திரையில் காட்டுவதற்கென்று தனியாக ஒரு நகல் இருக்கும். அதை மாற்றினால் எண் மாறும், பொருள் கிடைக்காது.

எல்லா விளையாட்டும் முழு எண்ணாக வைக்காது. 1999இல் வந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'இல் உணவைத் தேடி, கல்லூரி நாட்களில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். திரையில் 200 என்று இருக்கிறது, மெமரியில் 200 இல்லை. அப்புறம்தான் புரிந்தது. கிராமத்து ஆள் பழம் பறிக்கும்போது உணவு கொஞ்சம் கொஞ்சமாக, பின்னமாக ஏறுகிறது. அதனால் அதை ஃப்ளோட்டாக, அதாவது பின்னத்தோடு எண்ணை வைக்கும் வகையில், வைத்திருக்கிறார்கள். திரைக்கு வரும்போது பின்னத்தை வெட்டிவிடுகிறார்கள். பதினாறை அடிப்படையாகக் கொண்ட ஹெக்ஸ் முறையில் எழுதினால், முழு எண் 100 மெமரியில் 64 00 00 00 என்று இருக்கும். ஃப்ளோட் 200 என்றால் 00 00 48 43. ஓர் ஆளை உருவாக்கி உணவு 150 ஆனால் 00 00 16 43. இன்னொரு நல்ல செய்தி: அந்த விளையாட்டில் உணவு, மரம், கல், பொன் நான்கும் அதே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றைப் பிடித்தால் மற்ற மூன்றும் 4 பைட் தள்ளித் தள்ளி நிற்கும். நான் அன்று கண்ட முதல் அமைப்பு அதுதான். வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரவில்லை.

இனி முக்கியமான பகுதி. அப்பா கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். சின்ன வயதில் அவரோடு போவேன். வளவு என்னும் நடு முற்றத்தைச் சுற்றி வரிசையாக இரட்டை வீடுகள் என்னும் அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும், அதாவது ஒவ்வொரு புள்ளிக்கும், ஒன்று. எல்லாம் ஒரே அளவு, கதவுக்குக் கதவு ஒரே தூரம். ஓர் அறையில் மாடக்குழி எங்கே இருக்கிறதோ அடுத்த அறையிலும் அங்கேதான். வியூக விளையாட்டில் ஆட்டக்காரர்கள் மெமரியில் பெரும்பாலும் இப்படித்தான் குடியிருக்கிறார்கள். ஆகவே ஒருவருடைய பொன்னோடு நிற்காதீர்கள். இரண்டாவது பக்கத்தின் முறையில் புதிதாக 100 தேடி, 20 பொன்னுக்கு மேஜ் என்ற மந்திரவாதி ஒருவரைச் சேர்த்து, 80 என்று தேடி அதையும் பிடியுங்கள். இரண்டு அட்ரஸையும் கழியுங்கள். உதாரணத்துக்கு ஒன்று 4210 என்றும் மற்றது 4590 என்றும் முடிந்தால் வித்தியாசம் ஹெக்ஸில் 380, நம் கணக்கில் 896 பைட். அதுதான் ஒரு வீட்டின் அளவு. மூன்று பக்கம் உள்ள ஆட்டத்தில் மூன்றாவதும் அதே தூரத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்து சீட் எஞ்சினில், மெமரியின் ஒரு பகுதியை வரிசையாகக் காட்டும் டிசெக்ட் டேட்டா சாளரத்தைத் திறந்து, இரண்டு பக்கத்தையும் இரண்டு பத்தியாக வையுங்கள். ஒரே மாதிரி இருப்பவையும் வேறுபடுபவையும் நிறத்திலேயே தெரியும். பொன்னுக்கு அருகே தொடக்கப் பொன், கிராம வருமானம், பழைய வீரரைத் திரும்ப அழைக்கும் விலையான 20 எல்லாம் கண்ணில் படும். மூல நிரலில் டீம் என்ற கோப்பில் இவை ஒரே அமைப்புக்குள் எழுதப்பட்டிருக்கின்றன. ஊகித்து ஒரு பெயர் எழுதி, பிறகு அங்கே போய்ப் பாருங்கள். இந்தப் பழக்கம் நிரல் திறக்காத விளையாட்டுக்குப் போகும்போது கைகொடுக்கும்.

பொன்னின் அட்ரஸை வைத்துக்கொண்டு எஃப்6 அழுத்தினால், அதில் எழுதுகிற கட்டளை எது என்று காட்டும். ஓர் ஆளைச் சேருங்கள். கழிக்கும் வரி வந்து நிற்கும். அதில் ஒரு ரெஜிஸ்டரும் (செயலி தன் கையில் எண்ணை வைத்துக்கொள்ளும் சின்ன இடம்) ஒரு கூட்டல் எண்ணும் இருக்கும். ரெஜிஸ்டரில் இருப்பது பெரும்பாலும் வீட்டு வாசல், கூட்டல் எண் வாசலிலிருந்து பொன் இருக்கும் இடத்துக்கு உள்ள தூரம். அந்த வரியை நாப், அதாவது எதுவும் செய்யாத கட்டளை, போட்டு அடைத்துவிட்டால் செலவே ஆகாது என்று என் மருமகன் குதித்தான். இரண்டு முறை கழித்து எதிரியும் செலவில்லாமல் படை திரட்டிக்கொண்டு வந்தான். எல்லாப் பக்கத்துக்கும் கழிப்பது அந்த ஒரே வரிதான். ஆகவே அந்த இடத்தில், இது என் பக்கமா என்று பக்க எண்ணைப் பார்த்து, ஆமென்றால் மட்டும் கழிக்காமல் தாண்டும் சின்ன நிரல் எழுத வேண்டும். பக்க எண் எங்கே என்பதற்கும் அதே இரட்டைப் பத்திதான் வழி: ஒரு பக்கத்தில் 1, அடுத்ததில் 2, அதற்கடுத்ததில் 3 என்று இருக்கும் இடத்தைத் தேடுங்கள். சில விளையாட்டில் 0இலிருந்து எண்ணியிருப்பார்கள்.

கடைசியாக, அவன் கேட்டு வந்த கேள்வி. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இயங்குதளம் விளையாட்டை வேறு இடத்தில் இறக்குகிறது. ஆனால் நிரல் கோப்பின் தொடக்கத்திலிருந்து வழி மாறாது: முகப்பைத் தாண்டி வளவு, வளவில் மூன்றாவது கதவு, உள்ளே இடது மாடம் என்பது போல. இன்னோர் இடத்தின் அட்ரஸை வைத்திருக்கும் இடம் பாயின்டர்; ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் இந்த வழியைப் பாயின்டர் சங்கிலி என்பார்கள். பாயின்டர் ஸ்கேன் போட்டால் வழிகள் லட்சக்கணக்கில் வரலாம். சேமித்து, விளையாட்டை மூடித் திறந்து, பொன்னை மறுபடி பிடித்து, புதிய அட்ரஸை வைத்து வடிகட்டுங்கள். கணினியையே ஒருமுறை அணைத்துப் போட்டு இன்னொரு தடவை. மிஞ்சுபவற்றில் கண்ணி குறைவான சங்கிலியை எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குப் புதிய பதிப்பு வந்தால் தூரங்கள் மாறக்கூடும். எந்தப் பதிப்பில் எடுத்தது என்று பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

மருமகன் இப்போது அப்பாவின் பேரேடு மாதிரி கோடு போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறான். தூரம், வகை, பெயர் என்று மூன்று பத்தி. பதினோரு வரி நிரம்பிவிட்டது. பன்னிரண்டாவதில் முறை முடியும்போதெல்லாம் 0இலிருந்து 1 ஆகித் திரும்பும் ஒரு பைட். அதற்கு இன்னும் பெயர் எழுதவில்லை.