விருதுநகரில் உணவகம் தொடங்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

சாயங்காலம் ஆனால் பரோட்டாக் கல்லைச் சுற்றிக் கூடுகிற ஊர் விருதுநகர். எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தெடுத்த பரோட்டாவை நொறுக்கிப் போட்டு, அது மூழ்கும்வரை சால்னாவை ஊற்றித் தருவார்கள். பருப்பும் வற்றலும் எண்ணெயும் வாங்க விற்க வருகிறவர்களுக்குப் பசியாற்றிப் பழகிய ஊர் இது. இன்று அதே தெருக்களில் அரபு நாட்டுக் கறிச்சோறான மந்தியும் ஷவர்மாவும் கிரில் சிக்கனும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வந்துவிட்டன. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி, மாணவர்களையும் மருத்துவர்களையும் நோயாளிகளின் உறவினர்களையும் கூட்டி வந்திருக்கிறது. புதிதாகக் கடை போடும் ஆசை பலருக்கும் வருவது இயல்புதான். ஆனால் திறப்பு விழாப் பந்தலைப் பிரித்த சில மாதங்களிலேயே கடை வாடகைக்கு என்று பலகை தொங்குவதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. அதில் யாரோ ஒருவரின் வளைகுடாச் சம்பாத்தியமோ மனைவியின் நகையோ கரைந்திருக்கும்.

பெரும்பாலான சறுக்கல்கள் முதல் மாதத்துக் கூட்டத்தைத் தவறாகப் புரிந்துகொள்வதில் தொடங்குகின்றன. 2011 கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 72 ஆயிரம். மதுரையிலோ சென்னையிலோ ஒரு கடைக்கு நாள்தோறும் புது முகங்கள் வந்துகொண்டே இருக்கும். இங்கே அப்படியில்லை. புதுக் கடையைப் பார்த்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் எல்லாரும் நாலைந்து வாரங்களில் வந்து பார்த்துவிடுவார்கள். அதன் பிறகு வருவது திரும்பி வருகிறவர்கள் மட்டுமே. முதல் மாத வசூலை நம்பி மாடியையும் வாடகைக்கு எடுத்து, இன்னும் நான்கு ஆட்களைச் சேர்த்துவிட்டால் மீள்வது கடினம். மூன்று மாதம் கழித்து, ஏதும் விசேஷமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை இரவு கடையில் எத்தனை இலை விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் வியாபாரத்தின் உண்மையான அளவு அதுதான்.

நாள்காட்டியையும் பார்க்காமல் கணக்குப் போடக் கூடாது. புரட்டாசியில் அசைவக் கடைகளின் வசூல் இறங்கும். மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு ஊரே திரளும். ஆனால் விரதம் இருக்கும் வீடுகளில் கவிச்சி கிடையாது. அந்தக் கூட்டத்தை நம்பி ஆட்டுக்கறிக்கு முன்பணம் கொடுத்துவிட்டுத் தவிக்காதீர்கள். அந்த நாட்களுக்குச் சைவத்தில் தரமாக நாலு பதார்த்தம் செய்யத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, புத்தகம்போல் நீளும் மெனு கார்டு. நூற்றிருபது பெயர்கள், அதில் பாதி ஒரே சிவப்புக் குழம்பின் வேறு வேறு வேடங்கள். தினமும் இரண்டு தட்டு மட்டுமே போகிற ஒரு பதார்த்தத்துக்காகப் பனீரும் காளானும் குளிர்பெட்டியில் கிடந்து வாடும். வாடியதை எறிந்தால் நஷ்டம். எறியாமல் பரிமாறினால் அதைவிடப் பெரிய நஷ்டம். சிறிய ஊரில் ஒரு கெட்ட சாப்பாட்டின் செய்தி மறுநாள் காலை டீக்கடைக்குப் போய்விடும். இருபது பதார்த்தங்கள் போதும் என்பது என் துணிவு. அவற்றில் பொரித்த பரோட்டாவும் நல்ல சால்னாவும் இருக்கட்டும். புதுமை என்ற பெயரில் ஊர்ச் சாப்பாட்டை மெனுவின் கடைசி மூலைக்குத் தள்ளுகிறவர்கள் தங்கள் கையிலிருக்கும் மூலதனத்தையே தூக்கி எறிகிறார்கள்.

எண்ணெயைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த ஊரின் சாப்பாடே எண்ணெயில் நிற்கிறது. காலையில் சிக்கன் பொரித்த எண்ணெயில் இரவு பரோட்டா, மறுநாள் அதிலேயே கொஞ்சம் புது எண்ணெய் என்று ஓட்டுவது பலருக்கும் சிக்கனமாகத் தோன்றுகிறது. திரும்பத் திரும்பச் சூடேறும் எண்ணெயில் துருவச் சேர்மங்கள், அதாவது எண்ணெய் சிதைவதால் உண்டாகும் பொருள்கள், பெருகுகின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கப் பயன்படுத்தும் கடைகள் அதற்குப் பதிவேடும் வைக்க வேண்டும். எண்ணெய் கறுத்து, நுரை கட்டி, பிசுபிசுவென்று இழுத்தால் கருவி இல்லாமலே தெரிந்துகொள்ளலாம். அந்தக் கழிவு எண்ணெயைச் சின்னக் கடைகளுக்கு மலிவாகத் தள்ளிவிடுவது மன்னிக்க முடியாதது. பயோடீசலுக்காக அதை விலைகொடுத்து வாங்கிக்கொள்ளும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்கள் இருக்கின்றன.

ஷவர்மா போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தாள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுத் தடை விதித்தது. கம்பியில் சுற்றும் கறியின் மேற்புறம் வெந்திருக்கும், உள்ளே வெந்திருக்காது. கூட்டம் அதிகமாகி அவசரமாகச் சீவும்போதுதான் ஆபத்து. சீவியதை மறுபடி கல்லில் போட்டு வேகவைத்துக் கொடுங்கள். இரவில் மிஞ்சிய கறியை மறுநாள் கம்பியில் ஏற்றவே கூடாது.

டெலிவரி செயலியில் கடை விலையையே போடுவது இன்னொரு தவறு. கணக்கு எளிது. பிரியாணி 200 ரூபாய், கமிஷன் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதில் 50 ரூபாய் போகும். கமிஷன்மேல் 18 சதவீத வரி 9 ரூபாய். கையில் 141. அரிசி, கறி, மசாலாவுக்கு 80, பார்சல் டப்பாவுக்கு 10 போனால் மிச்சம் 51. வாடகை, சம்பளம், கேஸ் எல்லாம் இதற்குள்ளேயே. போட்டிக்காக 20 ரூபாய் தள்ளுபடி கொடுத்தால் அந்த 51லும் ஒரு பகுதி கரைந்துவிடும். உணவகங்களுக்கான 5 சதவீத ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரியை, அதாவது கடைக்காக வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய வரியை, திரும்பப் பெற முடியாது என்பதால் அந்த 9 ரூபாயும் போனது போனதுதான். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு பைக்கில் பத்து நிமிடம். நேரடியாகத் தொலைபேசியில் ஆர்டர் எடுத்து உங்கள் ஆளையே அனுப்புவது இங்கே நடக்கிற காரியம்.

குழம்பும் சால்னாவும் செய்யும் சரக்கு மாஸ்டரின் கைப்பக்குவத்தை அவர் கையோடு போக விட்டுவிடுகிறார்கள். அவர் பொங்கலுக்கு ஊருக்குப் போனால் சால்னாவின் ருசி மாறுகிறது. அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போனால் கடையே மாறுகிறது. மசாலா அளவுகளை எடைபோட்டு எழுதி வையுங்கள். கூடவே இரண்டாவது ஆளைப் பழக்குங்கள். மாஸ்டருக்கு வார விடுமுறையும் உரிய சம்பளமும் கொடுங்கள். பாதிப் பேர் ஓடுவது அது கிடைக்காததால்தான்.

கடைசியாக, அலங்கார விளக்குக்குச் செலவழித்துவிட்டுக் கழிப்பறையைக் கைவிடுவது. முன்பு இந்த ஊர்க் கடைகளில் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் ஆண்களின் காரியம். வீட்டுக்குப் பார்சல் போகும். இப்போது பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை ஒரே மேசையில் வந்து உட்காருகிறார்கள். இந்த மாற்றம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. எங்கே போகலாம் என்று முடிவெடுப்பது பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்கள். தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் கதவு, குழாயில் தண்ணீர், கைகழுவும் இடத்தில் சோப்பு, குழந்தை எட்டுகிற உயரத்தில் இன்னொரு வாஷ்பேசின். கட்டடத்தை வாடகைக்குப் பேசும்போதே இவற்றுக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.