தோட்டப் பட்டணத்துச் சாலையில் கனரக லோரிகள்: ஊரார் செய்ய வேண்டியவை

மலேசியாவில் செம்பனைத் தோட்டத்தின் ஒரு பகுதி கைமாறி, அங்கே கிடங்கோ தொழிற்சாலையோ எழும்பிவிட்டால், அதுவரை குலை ஏற்றிய லோரிகளும் மோட்டார் சைக்கிள்களும் மட்டுமே ஓடிய சாலையில் கொள்கலன் லோரிகளும் மணல் லோரிகளும் வரிசைகட்டத் தொடங்குகின்றன. ஊரார் முதலில் நினைப்பது சாலையை மறிப்பதைத்தான். மறியல் ஒரு நாள் செய்தியாகும். மறுநாள் லோரிகள் வழக்கம்போல் ஓடும். சாலை யாருடையது, லோரி யாருடையது, எந்த நேரத்தில் எத்தனை ஓடுகின்றன என்ற மூன்றுக்கும் விடையை எழுதி வைத்துக்கொண்டு பேசப் போகிறவர்களுக்குத்தான் அலுவலகங்களில் காது கிடைக்கிறது.

சாலையிலிருந்து தொடங்குங்கள். கிலோமீட்டர் கல்லில் வெறும் எண் இருந்தால் அது கூட்டரசுச் சாலை. பீடோரிலிருந்து தெலுக் இந்தானுக்குச் செல்லும் 58ஆம் எண் சாலை அத்தகையது. எண்ணுக்கு முன் எழுத்து இருந்தால் அது மாநிலச் சாலை. பேராக்கிற்கு ‘ஏ’, சிலாங்கூருக்கு ‘பி’. இவ்விரண்டுக்கும் மாவட்டப் பொதுப்பணித் துறையை, அதாவது ஜேகேஆர் அலுவலகத்தை, நாட வேண்டும். தாமான்களின், அதாவது வீடமைப்புப் பகுதிகளின், உள்சாலைகள் பெரும்பாலும் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பில் இருக்கும். தோட்டத்திற்குள் ஓடும் சாலையோ பல இடங்களில் நிறுவனத்தின் சொந்தச் சொத்து. அதற்காக மன்றத்தின் படியேறுவது வீண் அலைச்சல். எங்கள் ஊரில் நாங்கள் இதைத் தெரிந்துகொள்வதற்குள் ஐந்து மாதங்கள் போய்விட்டன. ஒவ்வோர் அலுவலகமும் எங்கள் கடிதத்தை அடுத்த அலுவலகத்திற்கு அனுப்பிக்கொண்டே இருந்தது.

அடுத்தது கணக்கெடுப்பு. மூன்று வேலை நாள்களும் ஒரு சனிக்கிழமையும் போதும். தமிழ்ப்பள்ளி வாசலுக்கு எதிரே, சாலையை விட்டுத் தள்ளி, நிழலில் இருவர் அமர்ந்து, ஒருவர் பார்த்துச் சொல்ல மற்றவர் எழுத வேண்டும். லோரியின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருப்பதைப் படிக்கப் பழகுங்கள். அங்கே மலாயில் இரண்டு எடைகள் இருக்கும்: ‘BTM’, அதாவது ‘பெராட் தன்பா முவாத்தான்’, என்பது வெறும் வண்டியின் எடை; ‘BDM’, அதாவது ‘பெராட் டெங்கான் முவாத்தான்’, என்பது சுமையோடு அனுமதிக்கப்பட்ட எடை. அதே இடத்தில் ‘லெசென் பெம்பாவா ஏ’ (சரக்கு ஏற்றும் உரிமம் ஏ) என்றிருந்தால் அது வாடகைக்கு ஓடும் லோரி. ‘சி’ என்றிருந்தால் நிறுவனம் தன் சரக்கைத் தானே ஏற்றுகிறது. இந்த ஓர் எழுத்து மிக முக்கியமானது. “அவை எங்கள் லோரிகள் அல்ல, குத்தகையாளருடையவை” என்று தொழிற்சாலை நிர்வாகி சொல்லப்போவது உறுதி. அப்போது எத்தனை ‘ஏ’, எத்தனை ‘சி’ என்று உங்கள் நோட்டுப் புத்தகமே பதில் சொல்லும்.

கூடுதல் சுமையை ஏன் குறித்து வைக்க வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அச்சின் மீது விழும் எடை கூடக் கூட, சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் கணக்கு. எடை இரு மடங்கானால் சேதம் 16 மடங்கு. 20 விழுக்காடு கூடினாலே சேதம் இரு மடங்கு. மழைநீர் வடியாத ஓரத்தில் இது இன்னும் விரைவாக நடக்கும். உயிர்ச்சேதம் தனிக் கணக்கு. 2025 மே 13 அன்று தெலுக் இந்தான் அருகே கல் ஏற்றிய லோரி மோதி, கலகத் தடுப்புப் போலீஸ் படையைச் சேர்ந்த 9 பேர் இறந்தார்கள். அந்த லோரி அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றியிருந்ததாக விசாரணை அறிக்கை கூறியது. பின்பலகைக்கு மேலே குவிந்த மணலையோ தார்ப்பாய் போர்த்தாத சுமையையோ கண்டால், பதிவெண், இடம், நேரம் தெரியும்படி படமெடுத்துச் சாலைப் போக்குவரத்துத் துறைக்கு அனுப்பலாம். ஓட்டுநரோடு வாக்குவாதம் வேண்டாம். நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அவர் வேகத்தைத் தானாக நிர்ணயிப்பதில்லை.

தொழிற்சாலை இன்னும் எழும்பவில்லை என்றால் உங்களுக்குக் கிடைத்திருப்பது நல்ல வாய்ப்பு. விவசாய நிலத்தைத் தொழில்துறை நிலமாக மாற்ற தேசிய நிலச் சட்டத்தின்கீழ் மாநில அனுமதி வேண்டும். கட்டுவதற்கு 1976 நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்கீழ் திட்டமிடல் அனுமதி வேண்டும். பெரிய திட்டங்களுக்குப் போக்குவரத்துத் தாக்க மதிப்பீடும் கேட்கப்படும். ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது: எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் உள்ளூர்த் திட்டம் நடப்பில் இல்லாத இடங்களில் அறிவிப்புக் கடிதம் அண்டை நில உரிமையாளர்களுக்குத்தான் போகும், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் மூன்று தலைமுறையாக இருப்பவர் பெயரில் நிலம் இராது. ஆகவே காத்திராமல், மன்றத்தின் திட்டமிடல் பிரிவுக்கு நேரில் சென்று விசாரியுங்கள். வரைவு உள்ளூர்த் திட்டம் பார்வைக்கு வைக்கப்படும் நாள்களில் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுங்கள். “திட்டம் வேண்டாம்” என்று எழுதுவதைவிட, லோரிகளுக்குத் தனி வாசல், வளாகத்திற்குள்ளேயே காத்திருக்கும் இடம், சக்கரம் கழுவும் தொட்டி, திரும்பும் தடம் ஆகியவற்றை அனுமதியின் நிபந்தனைகளாகக் கேட்பது பயன் தரும்.

ஏற்கெனவே லோரிகள் ஓடும் ஊரில் நேர ஒப்பந்தமே முதல் மருந்து. பள்ளி தொடங்கும் காலை 6.45 முதல் 7.45 வரையிலும், விடும் நேரத்தில் ஒரு மணி நேரமும் லோரிகளை வெளியே விடாதிருக்கும்படி நிர்வாகத்தைக் கேளுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோவில் நிர்வாகம், கிராமத் தலைவர் மூவரும் சேர்ந்து போனால் மறுப்பது கடினம். தீமிதி, தைப்பூச நாள்களையும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். வேகத்தடை மட்டும் கேட்காதீர்கள். நாங்கள் கேட்டு வாங்கினோம். வெறும் லோரி அதில் ஏறி இறங்கும்போது பின்பெட்டி அதிரும் சத்தத்தில் ஓரத்து வீட்டுக் குழந்தைகள் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்துவிட்டார்கள். ஆட்கள் சாலையைக் கடக்கும் அகலமான மேடும், 30 கிலோமீட்டர் வேக எல்லைப் பலகையும், பள்ளி வாசலில் ஒரு விளக்கும் அதைவிட மேல்.

பேசி முடித்ததை அன்றே கடிதமாக எழுதி, நிர்வாகியின் கையொப்பத்தோடு மன்றத்திற்கும் ஜேகேஆர் அலுவலகத்திற்கும் ஒரு படி கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையை வாங்கி வையுங்கள். மூன்றாம் மாதம் அதே நிழலில், அதே நேரத்தில், அதே நோட்டுப் புத்தகத்தோடு மீண்டும் உட்காருங்கள். பெரும்பாலும் அப்போதுதான் ஒப்பந்தத்தை மீறிக் காலை ஏழு மணிக்கு முதல் லோரி மெதுவாக எட்டிப் பார்க்கும்.