விண்டோஸ் மாற்றும் முன் பேக்கப் எடுக்கலாம், வாருங்கள்: 2 கேபியில் ஏமாந்த கதையோடு

முதன்முதலில் நான் பேக்கப் எடுத்த லட்சணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டெஸ்க்டாப்பில் இருந்த ஃபோல்டர்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து பென் டிரைவில் போட்டேன், கண் சிமிட்டும் நேரத்தில் காப்பி முடிந்துவிட்டது, புது பென் டிரைவ் நல்ல வேகம் என்று சந்தோஷம் வேறு. எதற்கும் பார்த்துவிடுவோம் என்று பென் டிரைவுக்குள் போய் ஒன்றை டபுள் கிளிக் செய்தேன், ஜம்மென்று திறந்தது. சி டிரைவை ஃபார்மேட் செய்துவிட்டேன். அப்புறம் பார்த்தால் ஒவ்வொன்றும் 2 கேபி, ஐகானின் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி. நான் காப்பி செய்தது ஃபோல்டர்களை அல்ல, ஷார்ட்கட்டுகளை. முகவரிச் சீட்டைப் பத்திரப்படுத்திவிட்டு வீட்டை இடித்த கதை. டபுள் கிளிக் செய்தபோது திறந்ததும் கம்ப்யூட்டரில் இருந்த அசல் ஃபோல்டர்தான், பென் டிரைவில் இருந்தது இல்லை.

பேக்கப் சரியாக இருக்கிறதா என்று அதே கம்ப்யூட்டரில் பார்த்தால் போதாது என்று அன்றுதான் புரிந்தது. கீழே வரும் பல விஷயங்கள் இதையே சுற்றித்தான் வரும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அதனால் பலரும் 11க்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். "அப்கிரேடு செய்தால் ஃபைல் எல்லாம் அப்படியே இருக்குமே, பேக்கப் எதற்கு?" என்று கேட்பீர்கள். உண்மைதான். பழைய விண்டோஸின் மேலேயே புதியதை ஏற்றும்போது, ஃபைல்களையும் மென்பொருள்களையும் வைத்துக்கொள்ளவா என்று அதுவே கேட்கும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் பாதியில் மின்சாரம் போனாலோ, ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்க் அன்றைக்குப் பார்த்துப் படுத்தாலோ யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் பழையதற்குத் திரும்பும் வசதியும் பொதுவாக 10 நாள்தான், அதற்குப் பிறகு பழைய விண்டோஸ் கிடக்கும் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டர் தானாகவே அழிந்துவிடும். முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடப் போகிறீர்கள் என்றால் பேக்கப் பற்றி விவாதமே கிடையாது.

முதல் படி: எங்கே வைப்பது

டி டிரைவில் வைக்காதீர்கள். புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் முதலிடம் என்பேன். சி, டி என்று இரண்டு தெரிந்தாலும் நிறைய கம்ப்யூட்டர்களில் உள்ளே இருப்பது ஒரே டிஸ்க்தான், நடுவில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். புதிதாக விண்டோஸ் போடும்போது இந்தத் துண்டுகளின் பட்டியல் (பார்ட்டிஷன் பட்டியல்) வரும் இடத்தில் கை தவறித் தப்பான வரியை அழித்தாலும் போச்சு.

தனியாக ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்தான் நல்லது. பென் டிரைவும் பரவாயில்லை, ஆனால் அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேல் உள்ள ஒற்றை ஃபைலை ஏற்காது, இடம் காலியாகக் கிடந்தாலும் ஃபைல் ரொம்பப் பெரியது என்று திருப்பி அனுப்பிவிடும். கல்யாண வீடியோ இங்கேதான் மாட்டும். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றினால் அந்த டிரைவில் இருப்பது அழிந்துவிடும் என்பதால் அதைக் காலி செய்துவிட்டு.

இரண்டாம் படி: எதையெல்லாம் எடுப்பது

சி டிரைவுக்குள் யூசர்ஸ் என்ற ஃபோல்டர், அதற்குள் உங்கள் பெயரில் ஒன்று. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ் எல்லாம் வழக்கமாக அங்கேதான் இருக்கும். டெஸ்க்டாப்பில் தெரியும் ஐகான்களைப் பிடித்து இழுக்காமல் இங்கிருந்து ஃபோல்டரையே எடுங்கள். அதற்குள் அம்புக்குறி போட்ட ஐகான் கண்ணில் பட்டால், ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' கொடுங்கள், அசல் எங்கே இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும்.

இது எல்லோருக்கும் தெரிந்த பாகம். விட்டுப்போவது வேறு இடங்களில் இருப்பவை.

பிரவுசரை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கில் லாகின் செய்து சிங்க் போட்டிருந்தால் புக்மார்க்குகள் திரும்ப வந்துவிடும், இல்லை என்றால் புக்மார்க் மேனேஜரில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு ஃபைலாக எடுத்து வையுங்கள். பாஸ்வேர்டுகளையும் இப்படி எடுக்கலாம், ஆனால் அந்த ஃபைலில் எல்லாம் பச்சையாக எழுதியிருக்கும், யார் திறந்தாலும் படிக்கலாம், வேலை முடிந்த கையோடு அழித்துவிடுங்கள். அவுட்லுக்கில் பல வருட மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள் பிஎஸ்டி என்று முடியும் ஃபைலைத் தேடுங்கள், பெரும்பாலும் டாக்குமென்ட்ஸுக்குள் அவுட்லுக் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும். கணக்கு எழுதும் மென்பொருள்கள் தங்கள் டேட்டாவை வேறு எங்கேயாவது ஒரு மூலையில் வைத்திருக்கும், அந்த மென்பொருளுக்குள்ளேயே பேக்கப் என்று ஒரு மெனு இருந்தால் அதையே பயன்படுத்துவது உத்தமம். மென்பொருள்கள் தங்கள் செட்டிங்ஸையும் டேட்டாவையும் போட்டு வைக்கும் ஆப்டேட்டா என்ற ஃபோல்டர் மறைந்திருக்கும், வியூ மெனுவில் ஹிட்டன் ஐட்டம்ஸை டிக் செய்தால் தெரியும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இன்னொன்று. யூனிகோடுக்கு முந்தைய காலத்து பாமினி மாதிரி எழுத்துருக்களில் தட்டிய பழைய ஃபைல்கள் இருந்தால் அந்த எழுத்துருவின் டிடிஎஃப் ஃபைலையும் கூடவே எடுத்து வையுங்கள். எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் நீங்கள் எழுதிய கட்டுரை ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். இதுவும் பழைய கம்ப்யூட்டரில் பார்த்தால் பிடிபடாத பிரச்சினை, ஏனென்றால் அங்கேதான் எழுத்துரு இருக்கிறதே.

ஒன்டிரைவ், அதாவது ஃபைல்களை இணையத்தில் சேமிக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை, போட்டிருப்பவர்கள் கவனம். அது கேட்ட ஏதோ ஒரு கேள்விக்கு என்றோ 'ஓகே' கொடுத்திருப்பீர்கள், உங்கள் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் குடிபோயிருக்கும். ஃபைலின் பக்கத்தில் நீல நிற மேகம் இருந்தால் அந்த ஃபைல் கம்ப்யூட்டரில் இல்லவே இல்லை, இணையத்தில் மட்டும் இருக்கிறது. நீங்கள் கிளிக் செய்யும்போது இறங்கி வந்து திறக்கும், அதனால் இங்கேயே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து, எல்லாம் இறங்கி முடிந்த பிறகு காப்பி செய்யுங்கள். ஏற்கெனவே கிளவுடில் இருக்கிறதே, அதுவே பேக்கப்தானே என்றால், என்னைக் கேட்டால் இல்லை. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத் தொட்டியில் கொஞ்ச நாள் கிடக்கும், அவ்வளவுதான். வேறொரு இடத்தில் இரண்டாவது பிரதியாக இருக்கட்டும்.

மூன்றாம் படி: காப்பி

எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இன்றைய தேதியைப் பெயராக வைத்து ஒரு ஃபோல்டர், எல்லாம் அதற்குள். காப்பி மட்டும் செய்யுங்கள், கட் வேண்டாம், பாதியில் வயர் கழன்றால் எது எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகிவிட்டு, தூங்கப் போகாதபடி ஸ்லீப்பையும் நிறுத்தி வையுங்கள். பழைய யூஎஸ்பி 2.0 போர்ட்டில் நொடிக்கு 30 எம்பி அளவில்தான் போகும், 200 ஜிபிக்கு கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். உள்ளே நீல நிறத்தில் இருக்கும் போர்ட் பெரும்பாலும் 3.0, அதில் செருகினால் சீக்கிரம் முடியும். ஃபைல் பெயர் நீளம் என்றோ அனுமதி இல்லை என்றோ நடுவில் கேட்டு நின்றால் ஸ்கிப் கொடுக்கலாம், ஆனால் எதை ஸ்கிப் செய்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: சோதனை, இதைத் தாண்டிப் போகாதீர்கள்

அசல் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ் பாருங்கள், பேக்கப் ஃபோல்டருக்கும் அதையே செய்யுங்கள். ஃபைல்களின் எண்ணிக்கையும் 'சைஸ்' என்ற வரியும் ஒத்துப்போக வேண்டும். பக்கத்திலேயே 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று ஒன்று இருக்கும், அது டிஸ்க்குக்கு டிஸ்க் மாறும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். என் கதையில் இந்த ஒரு வேலையைச் செய்திருந்தால் பல ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் சில கேபி இருப்பது அப்போதே தெரிந்திருக்கும்.

அடுத்து டிஸ்க்கை இஜெக்ட் கொடுத்துக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் செருகுங்கள். இருக்கிற ஃபைல்களிலேயே பெரியது ஒன்று, மிகப் பழையது ஒன்று, நடுவில் ஐந்தாறு புகைப்படங்கள், தொலைந்தால் அழுதுவிடுவீர்கள் என்கிற ஃபைல் எதுவோ அது, எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். வீடியோவை நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள். வேறு கம்ப்யூட்டருக்கு வழியில்லை என்றால் இணையத்தைத் துண்டித்துவிட்டுத் திறந்து பாருங்கள், ஐகானில் அம்புக்குறி இருக்கிறதா, அளவு சில கேபி மட்டும்தானா என்றும் கவனியுங்கள். ஷார்ட்கட்டும் மேகமும் அப்போது குட்டு வெளிப்பட்டு நிற்கும்.

ஐந்தாம் படி: 48 இலக்கங்கள்

விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், அதற்காகப் பலர் பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன்பே ஓடும் அடிப்படை மென்பொருள்) போய் செட்டிங்ஸை மாற்றுவார்கள். உங்கள் டிஸ்க்கில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைக்கும் வசதிகள்) ஓடிக்கொண்டிருந்தால், நீங்களே போட்டிருக்காவிட்டாலும் அது ஓடிக்கொண்டிருக்கலாம், இந்த மாற்றத்துக்குப் பிறகு நீலத் திரையில் 48 இலக்க ரிக்கவரி கீயைக் கேட்டு நிற்கலாம். கீ இல்லை என்றால் உள்ளே இருப்பதை மறந்துவிட வேண்டியதுதான். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருப்பார்கள், இப்போதே லாகின் செய்து எடுத்து, காகிதத்தில் எழுதி வையுங்கள். அதே லேப்டாப்பில் நோட்பேடில் சேமிப்பது பூட்டுக்குள்ளேயே சாவியை வைப்பது. மென்பொருள்களின் லைசென்ஸ் எண்களையும் அதே காகிதத்தில் குறித்துவிடலாம்.

சரி, இப்போது எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு அப்கிரேடை ஆரம்பியுங்கள். செருகியே வைத்திருந்தால் பார்ட்டிஷன் பட்டியலில் அதுவும் வந்து நிற்கும், எது எது என்று குழம்புவீர்கள்.

முடிந்த பிறகு உங்கள் ஃபைல்களை மட்டும் திரும்ப எடுத்துப் போடுங்கள், பழைய ஆப்டேட்டாவை மொத்தமாகப் புதியதன் மேல் கொட்ட வேண்டாம், எந்த மென்பொருளுக்குத் தேவையோ அதன் ஃபோல்டரை மட்டும். இங்கேயும் கட் இல்லை, காப்பிதான். டிஸ்க்கில் இருப்பதை ஒரு மாதமாவது தொடாமல் வைத்திருங்கள், விட்டுப்போன ஒரு ஃபைல் மூன்றாவது வாரத்தில்தான் நினைவுக்கு வரும்.