சிறு ரகத் துப்பாக்கிப் பயிற்சியில் கண்ணைக் காக்கும் முறை

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ 5.6 மில்லிமீற்றர் துப்பாக்கியினாலோ 4.5 மில்லிமீற்றர் காற்றுத் துப்பாக்கியினாலோ இலக்குச் சுடப் பழக விரும்புபவர், அனுமதிப்பத்திரமும் அங்கீகரிக்கப்பட்ட சுடுதளமும் அனுபவமுள்ள பயிற்றுநரும் இல்லாமல் தொடங்கக் கூடாது. இவை அமைந்த பின், வேறெதற்கும் முன்பாகப் பாதுகாப்புக் கண்ணாடி வாங்க வேண்டும்.

சுடுபவரின் கன்னம் துப்பாக்கியின் பின்கட்டையில் ஒட்டியிருப்பதால், ரவையறைக்கும் கண்ணுக்கும் இடையே சில அங்குலங்களே இருக்கும். 5.6 மில்லிமீற்றர் ரவை, அதன் உறையான கோதின் விளிம்பில் அடிபட்டு வெடிப்பது. அந்த விளிம்பு மெல்லிய பித்தளையாலானது என்பதால், பழுதான கோது எப்போதாவது பிளந்தால் சூடான வாயுவும் துணுக்குகளும் முகத்தை நோக்கியே வரும். விசையை அழுத்தியும் ரவை வெடிக்காவிட்டால், குழலை இலக்கை நோக்கியபடியே வைத்து, முகத்தை விலக்கி, முப்பது வினாடியாவது காத்திருங்கள். உடனே திறந்து பார்ப்பதே பலர் விடும் தவறு.

மற்ற ஆபத்து இலக்கிலிருந்து திரும்பி வருவது. கொங்கிரீட் சுவர், கருங்கல், தட்டையாக நிற்கும் இரும்புத் தகடு, வைரமேறிய மரம் ஆகியவற்றில் பட்ட காற்றுத் துப்பாக்கிக் குண்டு சுட்டவரிடமே திரும்பக்கூடும். ஆகவே தகட்டை மேற்பக்கம் சுடுபவரை நோக்கிச் சரியும்படி நிறுத்தி, குண்டு கீழேயுள்ள மணற்பெட்டிக்குள் விழச் செய்ய வேண்டும். மணலை அரித்துக் கல்லை நீக்குவதும் அவசியம். போத்தல்களை இலக்காக வைக்கவே வேண்டாம். நம் பகுதியில் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: 5.6 மில்லிமீற்றர் ரவை ஒன்றரை மைல் வரை செல்லக்கூடியது, நீர்ப்பரப்பில் தாழ்வாகப் பட்டால் தெறித்து மேலும் போகும். வாவியோரத்திலும் நீர் நிற்கும் வயலிலும் சுடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

கண்ணாடியின் வில்லை பொலிகாபனேற் என்ற உறுதியான பிளாஸ்டிக்கால் ஆனதாகவும் பக்கங்களை மூடுவதாகவும் இருக்கட்டும். ஈஎன் 166 என்ற ஐரோப்பியக் கண்பாதுகாப்புத் தரத்தில் ‘எஃப்’ குறியுள்ள கண்ணாடி, வினாடிக்கு 45 மீற்றர் வேகத்தில் வரும் 6 மில்லிமீற்றர் உருக்குக் குண்டைத் தாங்குமாறு சோதிக்கப்பட்டது. போட்டிக் காற்றுத் துப்பாக்கியின் குண்டோ ஏறத்தாழ 170 மீற்றர் வேகத்தில் புறப்படுகிறது. எனவே தெறிக்கும் துணுக்கிலிருந்தே கண்ணாடி காக்கும். நேரே வரும் குண்டை அது தடுக்கும் என்று எவரும் நம்பக் கூடாது. வாசிப்புக் கண்ணாடியும் தொடுவில்லையும் இதற்கு ஈடாகா. பார்வைக் கண்ணாடி அணிபவர் அதன் மேல் பொருந்தும் பெரிய கண்ணாடியை வாங்கலாம். சுடுதளத்தில் நுழையும்போதே அதை அணிந்து, எல்லாத் துப்பாக்கிகளும் வெறுமையாக்கப்பட்ட பின்னரே கழற்ற வேண்டும். பின்னால் நின்று பார்ப்பவருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கும், இதே விதிதான்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் வில்லை வியர்வையால் மங்கும். அதைத் துடைக்கக் கழற்றுவதானால், முதலில் துப்பாக்கியை வெறுமையாக்கி வைத்துவிட்டுச் சுடும் கோட்டிலிருந்து பின்வாங்குங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் புழுதி கண்ணில் விழுவதோடு, 50 மீற்றர் தூரத்தில் இலேசான ரவையும் விலகும். காலையிலேயே பழகுவது நல்லது, ஆனால் கடற்பக்கத்துச் சூரியனுக்கு எதிரே நின்று குறிவைக்க வேண்டாம். குறிவைக்கும்போது மற்றக் கண்ணை இறுக மூடாமல், அதன் முன் வெண்ணிற மறைப்பொன்றைத் தொங்கவிட்டால் இரு கண்களும் களைக்காது. பத்து வினாடிக்குள் சுட முடியாவிட்டால் துப்பாக்கியைத் தாழ்த்தி ஓய்வெடுங்கள். ஈயம் பட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் கண்ணைத் தொடக் கூடாது.

வெறும் தூசி விழுந்தால் சுத்தமான நீரால் கழுவலாம். துணுக்குக் குத்தியிருந்தாலோ, இரத்தம் தெரிந்தாலோ, பார்வை மங்கினாலோ கழுவவும் கசக்கவும் பிடுங்கவும் வேண்டாம். கண்ணில் அழுத்தம் படாதபடி ஒரு கடதாசிக் குவளையின் அடிப்பகுதியால் மூடி, 1990 அம்புலன்ஸை அழைத்து, தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.