வென்றானா, வென்றானாமா? எகிப்திய வரலாறு படிக்கத் தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டியவை

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறுதோறும் கூடும் வாசிப்பு வட்டத்தில் இந்த ஆண்டு பண்டைய எகிப்தை எடுத்திருக்கிறோம். போன வாரம் கல்லூரி மாணவி ஒருவர் தன் குறிப்பேட்டைக் காட்டினார். "கி.மு. 1274: காதேஷ் போரில் இரண்டாம் ராம்செஸ் ஹிட்டைட்டுகளை முறியடித்தான்" என்று எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடும் இட்டிருந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் என் நோட்டில் நான் எழுதிய அதே வரி. அதைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

பிரமிடைக் கட்டியவர்கள் வேற்றுக்கிரகத்தார் அல்லர் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அக்கறையோடு படிப்பவர்களே சறுக்கும் இடங்கள்தான் என் கவலை.

மூவாயிரம் ஆண்டுகளை ஒன்றாகச் சுருட்டுவது

"பண்டைய எகிப்தியர்கள் இப்படிச் செய்தார்கள்" என்று எழுதும் முன், எந்தக் காலத்தவர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ராம்செஸின் மகன் காமுவாசெத், சக்காராவில் உனாஸ் அரசனின் பிரமிடில் ஒரு வாசகத்தைப் பொறித்துவைத்தான். அரசனின் பெயர் அதில் காணப்படவில்லை என்பதால் அதை நிலைபெறச் செய்தேன் என்பது அதன் சாரம். அந்தப் பிரமிடு அவன் காலத்திலேயே ஆயிரம் ஆண்டு தாண்டிய பழஞ்சின்னம்.

கோயில் சுவரை நடந்த கதையாகப் படிப்பது

இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். இரண்டு ஆண்டு மாலைப் பொழுதுகளை இந்தத் தவறுக்குக் கொடுத்திருக்கிறேன். எகிப்திய அரசர்களின் போர்களை ஆண்டு, எதிரி, இடம், வெற்றி என்று கட்டம் போட்டு, மூன்று நோட்டுகள் நிறைய எழுதினேன். கடைசிக் கட்டத்தில் 'வெற்றி' என்பதைத் தவிர வேறு சொல்லே வரவில்லை. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

காதேஷையே எடுத்துக்கொள்வோம்: இன்றைய சிரியாவில், துருக்கிப் பக்கத்து ஹிட்டைட் பேரரசோடு நடந்த போர். அபு சிம்பெல், லக்சர், கர்னாக், அபிதோஸ், ராமசேயம் என்று பல இடங்களில் ராம்செஸ் இந்தப் போரைச் செதுக்கிவைத்தான். 2,500 எதிரித் தேர்களுக்கு நடுவே, படைகள் கைவிட்ட நிலையில், ஆமூன் தெய்வத்தை அழைத்துத் தனியொருவனாக நின்று வென்றதாக அவன் பொறிக்கவைத்த பாடல் சொல்கிறது. அதே போரைக் காட்டும் புடைப்புச் சிற்பங்களில் சின்னதாக ஒரு விளக்கக் குறிப்பு உண்டு: அண்டை நாடான அமுர்ரு பக்கத்திலிருந்து இன்னொரு படைப்பிரிவு வந்துசேர்ந்து எதிரிகளைத் தாக்கியது என்கிறது அது. தனியாக வென்றவனுக்குத் துணைப்படை வந்ததை அவனுடைய சிற்பமே காட்டிக்கொடுக்கிறது.

துருக்கியில் ஹிட்டைட் தலைநகர் ஹத்துசாவில் கிடைத்த களிமண் பலகைகளோ, எகிப்திய மன்னனைத் தம் அரசன் முவதல்லி தோற்கடித்ததாகச் சொல்கின்றன. போருக்குப் பின் காதேஷும் அமுர்ருவும் ஹிட்டைட்டுகள் கையில்தான் இருந்தன. பதினைந்து ஆண்டுகள் கழித்து இரு தரப்பும் சமமாக நின்று உடன்படிக்கை செய்துகொண்டன. கர்னாக் சுவரில் மட்டும், ஹிட்டைட் தூதர்கள் உடன்படிக்கை பொறித்த வெள்ளிப் பலகையோடு சமாதானம் வேண்டி வந்தார்கள் என்ற முன்னுரை சேர்ந்திருக்கிறது.

என் நோட்டுகளை மூடவைத்தது வேறொன்று. அபுசீரில் சாகுரே அரசனின் கோயிலில் (சுமார் கி.மு. 2480) ஒரு காட்சி: லிபியத் தலைவன் வீழ்த்தப்படுகிறான், அவன் மனைவியும் இரண்டு மகன்களும் கையேந்தி நிற்கிறார்கள், மூவரின் பெயரும் மேலே எழுதியிருக்கிறது. சுமார் இருநூறு ஆண்டு கழித்து இரண்டாம் பெப்பியின் கோயிலில் அதே காட்சி, அதே பெயர்கள். கி.மு. ஏழாம் நூற்றாண்டில், இன்றைய சூடானிலுள்ள காவாவில், தகர்க்கா அரசனின் கோயிலிலும் அதே குடும்பம். ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளாக ஒரே தாயும் பிள்ளைகளும் அழுதுகொண்டிருக்கிறார்கள். என் கட்டத்தில் அவை மூன்று தனித்தனிப் போர்கள்.

இதைப் பொய் என்று ஒதுக்குவதும் தவறு. உலக ஒழுங்கைக் காப்பது அரசனின் கடமை. அந்த ஒழுங்குக்கு அவர்கள் வைத்த பெயர் மாத். பகைவனை அரசன் அடிக்கும் கோலம் சுவரில் இருந்தால் அந்த ஒழுங்கு நிலைக்கும் என்பது நம்பிக்கை. எகிப்தின் தொடக்ககால அரசன் நார்மர் காலத்திலிருந்து இந்தக் கோலம் தொடர்கிறது. எஸ்னா கோயிலில் ரோமப் பேரரசர்கள்கூட அப்படித்தான் நிற்கிறார்கள். எனக்கு இன்றும் கோபம் வருவது, 'வென்றான்' என்று மட்டும் அச்சிட்டு, சொன்னது யார் என்பதை விட்டுவிடும் அறிமுக நூல்கள் மேல்தான்.

தமிழில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. குறிப்பெடுக்கும்போது 'வென்றான்' என்பதை 'வென்றானாம்' என்று எழுதுங்கள். கேலிக்காக அல்ல, சொன்னவன் ஒருவன் இருக்கிறான் என்பது மறக்காமலிருக்க. வேறு சான்று கிடைக்கும் நாளில் 'ஆம்' என்பதை அடித்துவிடலாம்.

எல்லாச் சுவரும் ஒன்றல்ல. மெகித்தோ போரில் அரசன் மூன்றாம் துத்மோஸ் கைப்பற்றியவற்றின் பட்டியல் கர்னாக்கில் இருக்கிறது: கைதிகள் 340, தேர்கள் 924, பெண் குதிரைகள் 2,041. இப்படிச் சில்லறையோடு நிற்கும் எண்களில் கணக்கெழுதிய எழுத்தனின் கை தெரிகிறது.

சுவரைப் பக்கத்தில் கிடைக்கும் பாப்பிரஸோடு (நாணல் தாளில் எழுதிய ஏடு) வைத்துப் படியுங்கள். மெதினெத் ஹாபுவில் மூன்றாம் ராம்செஸின் சுவர்கள் முழுக்க வெற்றி. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் தெய்ர் எல்-மெதினா; அரச கல்லறைகளை வெட்டிய தொழிலாளர் ஊர். அதே அரசனின் 29ஆம் ஆட்சியாண்டில் தானியக் கூலி வராததால், பசியும் தாகமும் தாங்காமல் அவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில்களின் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை என்று முறையிட்டார்கள். அந்தப் பாப்பிரஸ் இன்று இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் வாசிக்கக் கொடுப்பது அதைத்தான்.

ஆண்டுகளை உருப்போடுவது

கி.மு. 664க்கு முந்தைய எந்த ஆண்டுக்கும் முன்னால் 'சுமார்' போடுங்கள். நான் மேலே சொன்ன 1274 உட்பட.

மேல் எகிப்தை வடக்கே தேடுவது

அது தெற்கு. நைல் வடக்கு நோக்கி ஓடுகிறது.

நூறாண்டு பழைய நூலின் மலிவு மறுபதிப்பு

முதல் நூலாக வாங்க வேண்டாம்.

தமிழ்ச் சில்லைப் பிரமிடோடு ஒட்டவைப்பது

செங்கடல் கரையில் குசைர் அல்-காதிமில் கிடைத்த பானை ஓட்டில் தமிழ்-பிராமியில் 'பானை ஒறி' (உறியில் தொங்கும் பானை) என்று எழுதியிருப்பதை முதலில் படித்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. பெரனிகே துறைமுகத்துக் கோயிலில் இந்தியச் சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகும் கிடைத்திருக்கிறது. இரண்டும் உண்மை, இரண்டும் நமக்கு அரியவை. ஆனால் அவை சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையவை. குஃபுவின் பிரமிடுக்கு அப்போதே இரண்டாயிரத்து ஐந்நூறு வயது. நம் வணிகர்கள் இறங்கிய எகிப்தைத் தெரிந்துகொள்ள ஆசையென்றால் தாலமி என்ற கிரேக்க அரசர்கள், ரோமர் ஆகியோர் காலத்து அத்தியாயங்களைத் திறங்கள். துத்தன்காமுனின் அத்தியாயத்தில் அவர்கள் இல்லை.